வெள்ளவத்தையின் சனிக்கிழமை வட்டம்: கதிர்ச் சிகிச்சை பெறும் பெண்களுக்கான துணைச் சேவை பற்றிய ஒரு மதிப்பீடு

மார்பகப் புற்றுநோய்க்காகக் கதிர்ச் சிகிச்சை பெறும் தமிழ் பேசும் பெண்கள் சிலர், சனிக்கிழமை தோறும் பிற்பகலில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கூடுகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, பதிவுக் கட்டணம் கிடையாது, சிகிச்சை முடித்த இரண்டு பெண்கள் தங்கள் சொந்த முயற்சியில் நடத்தும் சேவை இது. வருகிறவர்களில் பலர் தமது நோயை அயலவருக்கும் உறவினருக்கும் சொல்லாதவர்கள் என்பதால் முகவரி வெளியே போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள், ஆகவே அதை நான் எழுதவில்லை. என் சிகிச்சைக் காலத்திலும் அதற்குப் பின்னரும் அங்கே சென்று வந்தவள் என்ற முறையில், இந்த வட்டம் எதை நன்றாகச் செய்கிறது, எதைச் செய்யத் தவறுகிறது என்பதை எழுதுவது பயனுள்ளதாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. ஆனால் சிகிச்சையின் எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே அளவு கவனிப்புக் கிடைப்பதில்லை. சத்திரசிகிச்சை என்றால் குடும்பம் முழுவதும் வைத்தியசாலை வாசலில் நிற்கும். கீமோ என்றால் முடி கொட்டுவதைக் கண்டு எல்லோரும் இரங்குவார்கள். இவை முடிந்து மாதக் கணக்கான பின் ரேடியேஷன் தொடங்கும்போது வீட்டாருக்கு அலுத்துவிடுகிறது. கட்டிதான் எடுத்தாயிற்றே, இனி என்ன என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பெண்ணுக்கே அந்தக் கேள்வி இருக்கிறது. 2011 இல் வெளியான ஒரு பெரிய பகுப்பாய்வு, 17 ஆய்வுகளில் பங்குபற்றிய 10,801 பெண்களின் விவரங்களைத் திரட்டி, மார்பகத்தை முழுமையாக அகற்றாமல் கட்டியை மட்டும் அகற்றியவர்களில், 10 ஆண்டுகளுக்குள் நோய் மீண்டும் தோன்றும் வாய்ப்பு கதிர்ச் சிகிச்சை பெறாதோருக்கு 35 சதவீதமாகவும் பெற்றவர்களுக்கு ஏறத்தாழ 19 சதவீதமாகவும் இருந்தது என்று காட்டியது. இந்த ஒரு தகவலை அமைதியாக, தமிழில், புரியும் வரை சொல்வதற்கு யாராவது இருந்தால், திங்கள் முதல் வெள்ளி வரை நாள் தவறாமல் பஸ் ஏறிப் போவதற்கான காரணம் மனதில் நிலைக்கும். வட்டத்தில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லப்படுவது இதுதான்.

கூட்டம் கைப்பயிற்சியுடன் தொடங்குகிறது. கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றிய பின் தோள் இறுகிவிடும்; ஆனால் கதிர்ச் சிகிச்சையின்போது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி வைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஆகவே சுவரில் விரல்களை நடக்க வைத்து மெல்ல மேலே ஏற்றும் பயிற்சியை எல்லோரும் வரிசையாக நின்று செய்கிறார்கள். வைத்தியசாலையில் உடற்பயிற்சி சிகிச்சையாளர் கற்றுக்கொடுத்ததற்கு மேல் எதையும் இங்கே சேர்ப்பதில்லை என்பது எனக்குப் பிடித்தது. வீட்டில் தனியாகச் செய்யும்போது இரண்டாம் நாளே கைவிடுகிற பயிற்சியை, பக்கத்தில் நிற்கிற பெண் இன்று சுவரில் எவ்வளவு உயரம் எட்டினாள் என்று பார்த்துக்கொண்டே செய்யும்போது கைவிட மனம் வருவதில்லை. "தங்கச்சி, மெல்லமாய் ஏத்துங்கோ, இழுத்துப் பிடிச்சால் விடுங்கோ" என்று யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் சொல்லும் தொனியே பாதி வலியைக் குறைத்துவிடும்.

அதன் பிறகே கதை. இந்த வட்டத்தின் மிகச் சிறந்த ஏற்பாடு, இருக்கை அமைப்பில் உள்ளது. ஸ்கான் எடுத்து, கதிர் படவேண்டிய இடத்தைக் குறிக்க உடம்பில் கோடு போட்டு முடித்து முதல் நாளுக்குக் காத்திருக்கும் பெண்ணை, சிகிச்சையின் நடுக்கட்டத்தில் இருக்கும் ஒருவருக்கும் முடித்துச் சில வாரங்களான ஒருவருக்கும் இடையில் உட்காரவைக்கிறார்கள். கதிர்ச் சிகிச்சையின் விளைவுகள் ஒழுங்கான ஒரு காலவரிசையில் வருபவை. முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் தோல் சிவக்கிறது, உறங்கினாலும் தீராத களைப்பு வருகிறது. சிகிச்சை முடிந்த பின்னரும் ஒன்று, இரண்டு வாரங்களுக்குத் தோல் மேலும் மோசமாகி, அதன் பின்னரே ஆறத் தொடங்குகிறது. இந்தக் கடைசி விஷயம் தெரியாதவர்கள், எல்லாம் முடிந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கும் வேளையில் மார்பின் கீழ் மடிப்பில் தோல் உரிந்து நீர் கசிவதைக் கண்டு, நோய் திரும்பிவிட்டதோ என்று நடுங்கிப்போகிறார்கள். தினமும் தாதியைக் காணும் நாட்கள் முடிந்துவிட்ட நேரத்தில்தான் இது வருகிறது. பக்கத்தில் இருப்பவர் தன் சட்டையைச் சற்று விலக்கி, போன மாதம் உரிந்த இடம் இப்போது இப்படி ஆறியிருக்கிறது என்று காட்டும்போது கிடைக்கிற தைரியம், அச்சிட்ட எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அங்கே ஒரு விதி மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது: ஒருவருடைய சிகிச்சைத் தடவைகளின் எண்ணிக்கையை மற்றவருடையதோடு ஒப்பிட்டு முடிவுக்கு வரக்கூடாது. பெண்கள் சந்தித்த உடனேயே கேட்பது "உங்களுக்கு எத்தனை பிடிக்கச் சொன்னவை?" என்பதுதான். ஒருவர் 15 என்பார், மற்றவர் 25 என்பார், தனியார் வைத்தியசாலைக்குப் போன மூன்றாமவர் 5 என்பார். குறைவாகப் பெற்றவர் தன்னைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று அஞ்சுவார். கூடுதலாகப் பெற்றவர் தனக்கு நோய் முற்றிவிட்டது என்று அஞ்சுவார். உண்மையில் நீண்ட காலமாக வழக்கத்தில் இருந்தது 5 வாரங்களில் 25 தடவைகளாக 50 கிரே (கிரே என்பது கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) கொடுப்பது. 3 வாரங்களில் 15 தடவைகளாக 40 கிரே கொடுத்தாலும் நோயைக் கட்டுப்படுத்துவதில் அது குறைந்ததல்ல என்பதை பிரித்தானியாவின் ஸ்டார்ட் ஆய்வு 2013 இல் வெளியிட்ட 10 ஆண்டு முடிவுகளால் நிறுவியது. ஒரே வாரத்தில் 5 தடவைகளாக 26 கிரே கொடுக்கும் முறையை ஆராய்ந்த ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வின் 5 ஆண்டு முடிவுகள் 2020 இல் வந்தன. தடவை குறையும்போது ஒரு தடவையின் அளவு கூடும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது; எந்த முறை யாருக்கு என்பது சத்திரசிகிச்சையின் வகை, நிணநீர்க் கணுக்களின் நிலை, வைத்தியசாலையிலுள்ள இயந்திரம் எனப் பலவற்றைப் பொறுத்தது. மாதம் ஒரு முறை வரும் ஓய்வுபெற்ற கதிர்ச் சிகிச்சைத் தொழினுட்பவியலாளர் ஒருவர் இதை விளக்குகிறார். அவர் விளக்கியதை அடுத்தடுத்த வாரங்களில் பெண்களே ஒருவருக்கொருவர், பெரிதாகப் பிழையின்றி, எடுத்துச் சொல்கிறார்கள். அந்த அறையில் இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்களும் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் அவர்களுக்கிடையே நான் வேறுபாடு காணவில்லை.

இடது பக்கத்தில் சிகிச்சை பெறுவோரில் சிலருக்கு, மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்திருக்கும்படி சொல்வார்கள். நுரையீரல் விரியும்போது இதயம் மார்புச் சுவரிலிருந்து சற்று விலகுவதால், இதயத்தில் படும் கதிரின் அளவு குறைகிறது. இதற்கான பயிற்சியை வட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து செய்கிறார்கள். அறையில் தனியே படுத்திருக்கும்போது, கதவு மூடப்பட்டு எல்லோரும் வெளியே போய்விட்ட அந்தச் சில நிமிடங்களில், மூச்சை எண்ணிப் பழகியிருப்பது பெரிய துணை.

நான் அங்கே கண்ட உரையாடல்களில் ஒன்றைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஓர் இளம் தாய், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து தன் இரண்டு வயதுப் பிள்ளையைத் தொடாமல், மாமியாரின் அறையில் படுக்கவைத்திருந்தார். கதிர் தன் உடம்பில் தங்கிப் பிள்ளைக்குத் தாவிவிடும் என்பது அவருடைய அச்சம். தைரொய்ட் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் அருந்துவோருக்கு, பிள்ளைகளிடமிருந்து சில நாட்கள் விலகியிருக்கும்படி உண்மையாகவே அறிவுறுத்துவார்கள். காத்திருப்பு வாங்கில் அப்படி ஒருவர் சொன்னதைக் கேட்டுத் தனக்கும் அதுவே என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அருகிலிருந்த தெகிவளை ராத்தா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "தூக்குங்க மகள். நமக்கு வெளியால இருந்து குடுக்கிறது, மெஷின் நிண்டா கதிரும் நிண்டு போகும். ஆனா என்ட சொல்ல மட்டும் நம்பாம, திங்கக்கிழமை டாக்டரிட்டயும் கேளுங்க" என்றார். அவர் சொன்னது முழுவதும் சரி. வெளியிலிருந்து செலுத்தப்படும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. பிள்ளையை அணைக்கலாம், ஒரே படுக்கையில் உறங்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். ராத்தா சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இந்த வட்டத்தை நான் நம்புகிறேன். தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். சொன்ன கையோடு வைத்தியரிடம் அனுப்புகிறார்கள்.

இதற்கென்றே ஒரு கேள்விக் கொப்பி வைத்திருக்கிறார்கள். அந்த வாரம் வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றை ஒவ்வொருவரும் தமிழில் சொல்ல, சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த இருவர் அவற்றை ஒரு தாளில் மொழிபெயர்த்து எழுதிக் கொடுக்கிறார்கள். தாளின் கீழ்ப்பகுதியில் பதிலுக்கு இடம் விட்டிருக்கும். நான் சிகிச்சை பெற்ற இடத்தில் அறிவிப்புகள் தமிழிலும் ஒட்டப்பட்டிருந்தன. ஆனால் படுக்கையருகில் கேட்கப்படுகிற கேள்விக்கு, படுத்திருப்பவளின் மொழியில் பதில் சொல்ல அந்த நேரத்தில் யாரும் இருக்கவில்லை. மார்பைத் திறந்தபடி நிற்கும் நிலையில், தெரியாத மொழியில் கேள்வி கேட்கத் தயங்குவது எந்தப் பெண்ணுக்கும் இயல்பு. கையில் எழுதிய தாள் இருந்தால் அதை நீட்டினாலே போதும். ஹட்டனிலிருந்து வந்த ஓர் அக்கா, தன் களைப்புக்கு இரத்தச்சோகையும் காரணமாக இருக்கலாம் என்பதை அப்படி நீட்டிய தாளுக்குக் கிடைத்த பதிலால்தான் அறிந்தார்.

தோல் பராமரிப்பில் வட்டத்தின் நிலைப்பாடு தெளிவானது. வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையற்ற சவர்க்காரம், துடைக்காமல் ஒற்றி எடுத்தல், வெயில் படாமல் மூடுதல், வைத்தியர் எழுதிய களிம்பைத் தவிர வேறெதையும் பூசாதிருத்தல். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகும் பழக்கமுள்ளவர்களுக்கு, எண்ணெய் தலையோடு நிற்க வேண்டும் என்றும், போட்ட கோடுகள் அழியும்படி தேய்க்கக்கூடாது என்றும் சொல்கிறார்கள். மஞ்சள், சந்தனம், கற்றாழை என்று உறவினர்கள் அன்போடு கொண்டுவருபவற்றை எப்படி மனம் நோகாமல் மறுப்பது என்பதும் அங்கே ஒரு பேசுபொருள். யாரும் எந்த மருந்தையும் சத்துமாவையும் விற்கக்கூடாது என்ற விதியை அமைப்பாளர்கள் முகம் பார்க்காமல் நடைமுறைப்படுத்துகிறார்கள். விற்க வந்த ஒருவரை வாசலோடு திருப்பியனுப்பியதை நானே கண்டேன்.

அறையின் மூலையில் ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. முன்னால் திறக்கும் தளர்வான பருத்திச் சட்டைகள், கம்பியில்லாத மென்மையான உள்ளாடைகள், மார்பகம் அகற்றியவர்கள் உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சு நிரப்பிய துணி வடிவங்கள், மெல்லிய சால்வைகள் எல்லாம் அதில் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருக்கும். தேவையானதை எடுத்துக்கொண்டு, முடிந்ததும் துவைத்துத் திருப்பி வைக்கலாம். கையொப்பமும் இல்லை, கணக்கும் இல்லை. கோடு போட்ட மை பட்டு என் நல்ல சட்டைகள் கெட்டுப்போகாமல் காப்பாற்றியது இந்தப் பெட்டிதான். கொழும்பின் ஈரப்பதமான வெக்கையில், இறுக்கமான பிளவுஸ் அணிந்து காலி வீதியில் பஸ்ஸில் நின்றுகொண்டு போவது, சிவந்த தோலுக்கு எவ்வளவு பெரிய வேதனை என்பதை அறிந்தவர்கள்தான் இப்படியொரு பெட்டியை நினைத்திருக்க முடியும்.

பயணத்துக்கும் துணை தருகிறார்கள். மகரகமவிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்களை ஒரே பாதையில் சேர்த்துவிடுகிறார்கள்: கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர் 112 ஆம் இலக்க பஸ்ஸிலும், தெகிவளைச் சந்தியிலிருந்து போகிறவர்கள் 119 இலும், கோட்டையிலிருந்து வருகிறவர்கள் ஹைலெவல் வீதியால் செல்லும் 138 இலும் சந்தித்துக்கொள்கிறார்கள். களைப்புக் கூடும் கடைசி வாரங்களில், முச்சக்கர வண்டிக்காக ஒரு சிறிய நிதியும் உண்டு. தேநீர் மேசையிலுள்ள தகரப் பேணியில் விரும்பியவர் போடுகிற பணமே அது. முதல் நாளில் ஒருவரைத் தனியே போகவிடுவதில்லை. 1952 இல் அமெரிக்காவில் தெரேஸ் லாசர் என்ற பெண், மார்பக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களை அதே அனுபவம் உள்ள ஒருவர் நேரில் சென்று பார்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, வைத்தியர்கள் பலர் அதை விரும்பவில்லை. இன்று அது பல நாடுகளில் பரவியிருக்கிறது. வெள்ளவத்தைப் பெண்கள் அதைக் கேள்விப்பட்டு இதைச் செய்யவில்லை; தேவை அவர்களையும் அதே வழிக்குக் கொண்டுவந்திருக்கிறது.

வட்டத்துக்கு வருகிறவர்களில் சிலர், இப்படிக் கூடினால் ஆயுள் கூடும் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். இதற்கு ஒரு மூலம் உண்டு. 1989 இல் டேவிட் ஸ்பீகல் என்ற அமெரிக்க மனநல வைத்தியர், நோய் உடம்பின் பிற பகுதிகளுக்குப் பரவிய 86 பெண்களிடம் செய்த ஆய்வில், துணைக்குழுவில் பங்குபற்றியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகக் கண்டார். ஆனால் 2001 இல் கனடாவில் அதே நிலையிலுள்ள 235 பெண்களிடம் செய்யப்பட்ட பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை; ஸ்பீகலே பின்னர் திரும்பச் செய்த ஆய்விலும் மொத்தத்தில் அந்தப் பலன் தென்படவில்லை. கனடா ஆய்வில் மாறியது மனத்துயரும் வலியை உணரும் அளவும்தான். தொடக்கத்தில் அதிக துயரில் இருந்தவர்களுக்கே அது மிகவும் உதவியது. அமைப்பாளர்கள் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். வலி குறைவதும் துயர் குறைவதும் சிறிய பலன்கள் அல்ல. அவற்றுக்காகவே இங்கே வரலாம்.

குறைகளும் உண்டு, அவற்றில் சில பாரதூரமானவை. முதலாவது, நாள். சனிக்கிழமை கொழும்பில் வீடுள்ளவர்களுக்கு வசதி. வெளியூரிலிருந்து வந்து மகரகமவைச் சுற்றி அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களோ, வார இறுதியில் சிகிச்சை இல்லாததால் வெள்ளி பின்னேரமே பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுகிறார்கள். தெல்லிப்பழையிலும் கண்டியிலும் கதிர்ச் சிகிச்சை நடந்தாலும், பல காரணங்களுக்காகக் கொழும்புக்கு வருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். உறவும் மொழியும் இல்லாத இடத்தில் தனித்திருக்கும் அவர்களுக்கே இந்த வட்டம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. வாரநாள் மாலையொன்றில் மகரகமவிலேயே ஒரு கிளைக் கூட்டம் நடத்தினால் இது தீரும். அமைப்பாளர்களிடம் சொன்னேன்; இடம் தேடுகிறோம் என்றார்கள்.

இரண்டாவது, படிகள். மின்தூக்கி அடிக்கடி வேலை செய்வதில்லை. களைப்பே முக்கிய துன்பமாக இருக்கும் பெண்களை இரண்டு மாடி ஏறவைப்பது சரியல்ல. மூன்றாவது, வாட்ஸ்அப் குழு. கூட்டத்தில் கடைப்பிடிக்கப்படுகிற ஒழுங்கு அங்கே இல்லை. சீனி சாப்பிட்டால் புற்றுநோய் வளரும் என்பது போன்ற செய்திகள் நள்ளிரவில் வந்து விழுகின்றன, காலையில் யாராவது மறுப்பதற்குள் சிலர் உணவைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிகிச்சைக் காலத்தில் போதிய சாப்பாடு மிக முக்கியம் என்பதால் இதை ஒரு சிறு தவறாக என்னால் கருத முடியவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தந்த குறை வேறு. நோய் எலும்புக்குப் பரவி, வலியைத் தணிப்பதற்காக மட்டும் கதிர்ச் சிகிச்சை பெறும் பெண்களும் அங்கே வருகிறார்கள். முடித்துவிட்டவர்கள் வடையும் தேநீருமாக மகிழ்ந்து கொண்டாடும்போது, முடிவென்று ஒன்று இல்லாத அவர்கள் சுவரோரமாக ஒதுங்கி இருக்கிறார்கள். வட்டத்தில் எல்லாவற்றையும் கதைக்கிறார்கள், சாவைப் பற்றி மட்டும் யாரும் கதைப்பதில்லை. யாராவது தொடங்கினால், "அப்படியெல்லாம் சொல்லாதேங்கோ" என்று அன்பாகவே வாயை அடைத்துவிடுகிறார்கள். அந்தப் பெண்களுக்கென்று தனியாக ஒரு நேரமும், கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் கட்டாயம் தேவை.

கதிர்ச் சிகிச்சைக்குத் திகதி கிடைத்த உடனேயே, முதல் நாளுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமையாவது போய்விடும்படி பரிந்துரைக்கிறேன். காய்ச்சல், சீழ், கை திடீரென வீங்குதல், மூச்சுத்திணறல் என்று எதுவும் இருந்தால் சனிக்கிழமைக்காகக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அமைப்பாளர்களும் அதையேதான் சொல்வார்கள். கூட்டம் நடக்கும் இடத்தைச் சிகிச்சைக்குப் போகும் வேறு தமிழ்ப் பெண்களிடம் கேட்டால் பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம். முன்னால் திறக்கும் சட்டை அணிந்து போங்கள். கிளினிக் கொப்பியையும் கேட்க வேண்டிய கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள். கூட்டிக்கொண்டு வரும் கணவருக்கோ மகனுக்கோ உள்ளே இடமில்லை, அவர்கள் கீழே வாகனத் தரிப்பிடத்தில்தான் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.